ரோடு எஞ்சினுக்குப் பின்னால் வந்த மருமகன்

பிச்சையா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு பூசணிக்காயோடு சேர்த்துத்தான். நாகர்கோவில் கோட்டாற்றில் என் சின்னம்மை பொன்னம்மை வீட்டு அடுக்களையில் நாங்கள் பெண்டுகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். சின்னம்மை மகள் உலகம்மைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். திருவனந்தபுரம் போய் வந்த பெரியப்பா ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னார்.

“பையன் பேரு பிச்சையா. சாலைக் கடைத்தெருவிலே நெல்லையப்ப பிள்ளைக்கு அரிசி மண்டி இருக்குல்லா, அவருக்கத் தங்கச்சி மகன். மண்டியிலே எடை போடுகான். ஒரு பூசணிக்காயைக் கையிலே குடுத்தேன். கண்ணை மூடி ஒரு ஆட்டு ஆட்டினான். பன்னிரண்டு ராத்தல்ன்னான். தராசிலே வச்சா அதே பன்னிரண்டு ராத்தல்.”

“பூசணிக்காயையா கட்டிக் குடுக்கப் போறோம்?” என்று உலகம்மை கேட்டாள். அவளுக்கு வாய் அப்படி.

கல்யாணம் தை மாதத்தில் அந்தச் சாலைக் கடைத்தெருவிலேயே நடந்தது. பெண் வீட்டில் வைக்காமல் மாப்பிள்ளை ஊரில் வைப்பானேன் என்று எங்கள் பக்கம் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மண்டியைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று நெல்லையப்ப பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். நாங்களும் நம்பினோம். மறுவீட்டுக்குப் புறப்படுகிற அன்று மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். அதையும் நம்பினோம். அடுத்த ஆவணியில் என்னையும் சாலைக்கே கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நெல்லையப்ப பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். ஆக, பெண் பக்கமும் எனக்குச் சொந்தம், மாப்பிள்ளை பக்கமும் சொந்தம். எந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் அது சுற்றி என் அடுக்களைக்கு வந்துவிடும்.

பிச்சையாவை நான் பக்கத்தில் பார்த்ததும் அப்போதுதான். ஒல்லியாய், உயரமாய், காதில் பென்சில் செருகி, யாரைப் பார்த்தாலும் இவர் எத்தனை ராத்தல் இருப்பார் என்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. மண்டி முற்றத்தில் மூன்று மரத்தை முக்காலியாக நட்டு, அதிலிருந்து ஆள் உயரத் தராசு தொங்கும். மூட்டை ஏற ஏற அவர் எண்ணுவார். ஒன்று என்று சொல்ல மாட்டார். எங்கள் கடைகளில் முதல் எண்ணிக்கைக்கு ‘லாபம்’ என்றுதான் பெயர். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அவர் லாபம் சொன்னால் தெருவின் மறுமுனையில் கேட்கும்.

உலகம்மைக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு கோட்டாற்றுக்குக் கூட்டிப் போனார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. எங்களில் முதல் பிரசவம் முடிந்தால், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஒற்றைப்படை மாதத்தில் புருசன்காரன் தானே வந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டும். வேறு யார் வந்து கூட்டிப் போனாலும், கட்டினவனுக்கு இவள் வேண்டாமாம் என்று தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பும். முதல் பிறந்தநாளும் அவன் வராமல் தாய்வீட்டிலேயே கழிந்துவிட்டால், பிறகு அந்தப் பேச்சை அடக்க யாராலும் முடியாது.

மூன்றாம் மாதம் பிச்சையா வரவில்லை. ஓணச் சரக்கு வந்து இறங்குகிறது என்று செய்தி வந்தது. ஐந்தாம் மாதம், முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன், காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லியனுப்பினார். அது நியாயம்தான். ஏழாம் மாதம், கொடை முடிந்து வெகுநாளாகியும், காப்பை அவிழ்க்க மறந்துவிட்டது என்று செய்தி வந்தது.

நெல்லையப்ப பிள்ளை வெட்கப்பட்டுத் தானே ஒரு வாழைக்குலையோடு பஸ்ஸேறிப் போனார். உலகம்மை அவருக்கு இலை போட்டு, வடை பாயசத்தோடு பரிமாறி, கை கழுவத் தண்ணீரும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“மாமா, நீங்க வந்ததுக்கு இங்க சோறு உண்டு. பிள்ளை கிடையாது. பிள்ளைக்க அப்பா வரட்டும்.”

“அவனுக்குச் சோலி அதிகம் மக்கா.”

“எனக்கு ஒரு சோலியும் இல்லை. நான் இருந்துக்கிடுவேன்.”

வாழைக்குலையும் திரும்பி வந்தது.

உண்மை என்னவென்று வெளியே வந்தது மண்டிக் கணக்கப் பிள்ளை நாகேஸ்வரனால். அவர் கரமனை அக்கிரகாரத்துக்காரர். தினமும் காலையில் கிள்ளிப்பாலம் தாண்டி சாலைக்கு வருவார், சாயந்தரம் அதே பாலம் தாண்டிப் போவார். கடைத்தெரு முடிகிற இடத்தில்தான் அந்தப் பாலம். ஒருநாள் காலை அவர் வரும்போது பிச்சையா கையில் பையோடு பாலத்தின் இந்த முனையில் நின்றிருக்கிறார். கோட்டாற்றுக்குப் புறப்பட்டாயிற்றாக்கும் என்று சந்தோசப்பட்டு வந்துவிட்டார். சாயந்தரம் திரும்பும்போதும் பிச்சையா அதே இடத்தில், அதே பையோடு நின்றிருக்கிறார்.

“பிள்ளைவாள், பஸ் வரலையா?”

“நெறைய வந்துது.”

“அப்பறம் ஏன் ஏறல?”

“ஓய் நாகேஸ்வரன், இந்தப் பாலம் எம்புட்டு எடை தாங்கும்னு உமக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா தினமும் போறீரு?” என்று கேட்டுவிட்டு, பிச்சையா அவரை ஏதோ சாகத் துணிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம்.

அன்று வீட்டில் எல்லாம் வெளிவந்தது. மண்டிக் கூரையில் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. எத்தனையோ வருசம் நெல் மூட்டையும் சீனி மூட்டையும் தூக்கின கொக்கி. பிச்சையாவுக்கு மீசை அரும்புகிற வயதில், அரை மூட்டை மல்லியைத் தூக்கும்போது அது முறிந்து அவர் காலடியில் விழுந்தது. மல்லிக்கு என்ன எடை இருக்கும்? அதற்குப் பிறகு, எடை போடாத பாரத்தையும் சோதித்துப் பார்க்காத பிடிமானத்தையும் அவர் நம்புவதில்லை. பாலத்தில் பஸ் போகிறது, மாட்டுவண்டி போகிறது, ஜனம் போகிறது. மொத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள அங்கே ஒருத்தரும் நிற்பதில்லை. சின்ன வயதில் மாமன் அவரைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது நெல் வண்டியில் தூங்கிக்கொண்டே பாலங்களைத் தாண்டிவிட்டார். விழித்த பிறகு ஒரு பாலமும் தாண்டவில்லை. அவருடைய உலகம் கிள்ளிப்பாலத்தோடு முடிந்தது.

நெல்லையப்ப பிள்ளையின் மனைவி முத்தாரம்மாள்தான் வழி சொன்னாள். “நம்ம சரக்குக் கிட்டங்கிக் காவல்காரர் சத்தியதாஸ் பட்டாளத்திலே இருந்தவருல்லா? அவருகிட்டே விடுங்கோ.”

சத்தியதாஸ் பாறசாலைப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டார். யுத்தத்தில் பர்மா வரை போய், காட்டாறுகளில் பாலம் கட்டுகிற பிரிவில் வேலை செய்தவர். பட்டாளத்தில் புதிதாய் வருகிற பேடிகளைப் பாறை ஏற்றி, கயிற்றில் தொங்கவிட்டு, ஆற்றில் இறக்கித்தான் ஆளாக்குவார்கள் என்று அடிக்கடி சொல்வார்.

“பேடிங்கற பயம் எல்லாருக்கும் உள்ளதுதான் மொதலாளி,” என்றார். “வீட்டுக்குள்ளே இருந்தா அது வளரும். வெளியே கொண்டு போயி ஓட்டணும். எனக்க கையிலே விடுங்க. சர்ச்சு முடிஞ்ச பெறகு ஞாயிறுதோறும் கொண்டு போறேன். சின்னதுலே தொடங்கி வலியதுலே முடிப்போம்.”

நாகேஸ்வரனும் சேர்ந்துகொண்டார். அவருக்கு நாயைக் கண்டால் நடுக்கம்.

முதல் ஞாயிறு சங்குமுகம் கடலில் அலைக்குள் இறங்குகிற பயிற்சி. நாகேஸ்வரன் கரையில் ஒரு நாயைக் கண்டு தானாகவே கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விட்டார். பிச்சையாவோ சிரித்துக்கொண்டே அலையில் மிதந்தார். இந்த ஆளுக்கா பயம் என்று சத்தியதாஸுக்கு ஒரே ஆச்சரியம்.

“கடல் என்னைத் தாங்குகேன்னு ஏத்துக்கிடல்லியே,” என்றார் பிச்சையா. “அது பாட்டுக்குக் கிடக்கு. பாலம் அப்படியா? தாங்குவேன்னு நம்ப வச்சு நிக்குது.”

அடுத்தது அருவிக்கரைப் பாறை. கயிற்றைப் பிடித்துச் செங்குத்தாக இறங்க வேண்டும். முத்தாரம்மாள் பிள்ளைகள் பசியோடு பாறை ஏறக் கூடாது என்று ஒரு செப்புப் பானை நிறையப் புளியஞ்சாதம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைச் சுமந்து மேலே ஏற்றவே பாதிப் பகல் போயிற்று. சத்தியதாஸ் மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, இறங்கும் அண்ணாச்சி என்றார்.

“கயிறு எம்புட்டுத் தாங்கும்?”

“ஆனைக்குட்டி தாங்கும்.”

“ஆனைக்குட்டியைத் தொங்கவிட்டுப் பாத்தேளா?”

பார்த்ததில்லை. வேறு பாரம் எதுவும் இல்லாததால் புளியஞ்சாதப் பானையைக் கட்டிக் கீழே இறக்கினார்கள். பானை அழகாகப் போய்த் தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் புதரிலிருந்து ஒரு நாய் வந்தது.

நாகேஸ்வரன் மேலேயிருந்து கையை வீசினார். “போ. போன்னா போ. அது உனக்கில்லை. தயவுபண்ணிப் போயிடு.”

நாய் மூடியை மோந்து பார்த்தது. அன்று காலையிலிருந்து அவர் காபி மட்டும் குடித்திருந்தார். யார் சொல்லையும் எதிர்பார்க்காமல் கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கி, நாய்க்கும் பானைக்கும் நடுவில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். நாய் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அன்றோடு அவருக்கு நாய்ப் பயம் விட்டுப்போனது. அப்புறம் கரமனைத் தெருவில் நாய் குரைத்தால் அவரும் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார். அது அவர் வீட்டில் வேறு தொந்தரவு.

பானையையும் நாகேஸ்வரனையும் தாங்கின கயிறு என்பதால் பிச்சையாவும் ஆனந்தமாக இறங்கினார். “கயிறைப் பாக்காண்டாம், போற எடத்தைப் பாத்துக்கிடும்,” என்று சத்தியதாஸ் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு வேளிக்காயலில் காலி எண்ணெய்த் தகரங்களைக் கட்டிச் செய்த மிதவையில் அக்கரை போனார்கள். நடுக்காயலில் ஒரு தகரம் கழன்று போய் மூன்று பேரும் விழுந்தார்கள். பிச்சையா திரும்ப ஏறி, மிச்சத் தகரங்களைத் தட்டிப் பார்த்து, ஆள்களை இடம் மாற்றி உட்காரவைத்து, தானே துடுப்புப் போட்டார். ஆளே மாறிவிட்டார் என்று சாலை முழுக்கப் பேச்சு. மூட்டை தூக்குகிறவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் சத்தியதாஸ் அவரைக் கிள்ளிப்பாலத்துக்குக் கூட்டிப் போனார். பிச்சையா முனை வரை விறைப்பாக நடந்து போனார். போய், சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சத்தியதாசு, நீரு பாலம் கட்டினவரு. உண்மையைச் சொல்லும். நீங்க கட்டின பாலம் எதாவது விழுந்திருக்கா?”

சர்ச்சிலிருந்து நேரே வந்திருந்த மனுசன், பொய் சொல்ல வாய் வரவில்லை. “பர்மாவிலே ஒண்ணு விழுந்துது,” என்றார்.

“எதனாலே?”

“தெரியாது அண்ணாச்சி. ராத்திரி எல்லாம் லாரி போச்சு. விடிஞ்ச பெறகு சமையக்காரன் ஒரு வாளியோட போனான். விழுந்துது.”

“மல்லி,” என்றார் பிச்சையா. எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் மாதமும் போயிற்று.

கோட்டாற்றில் சின்னம்மை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டான். அப்பனை இன்னும் பார்த்ததில்லை. பதினோராம் மாதமும் கழிந்து, பிறந்தநாளுக்குப் பாக்கி இருந்தது பத்துப் பதினைந்து நாள்தான்.

நெல்லையப்ப பிள்ளை வியாபாரி. எடைதானே பிரச்சினை, எடையைப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார். மண்டித் தராசையும் முக்காலியையும் கைவண்டியில் ஏற்றிக் கிள்ளிப்பாலத்து முனையில் நட்டார்கள். பாலத்தில் ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி எடை போடுவது, மொத்தம் எவ்வளவு தாங்குகிறது என்று பிச்சையா கண்ணாலேயே பார்ப்பது என்று ஏற்பாடு. நாகேஸ்வரன்தான் முதலில் தட்டில் ஏறினார்.

“லாபம்,” என்று பிச்சையா உரக்கச் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு தெம்பு.

மீன்காரிகள் கூடையோடு ஏறினார்கள். கூடை இல்லாமல் ஒருமுறை போடு என்றாள் ஒருத்தி. சும்மா எடை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளிருந்தெல்லாம் ஆள்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. நாகர்கோவில் பஸ் வந்து நின்று, அதில் இருந்தவர்களும் இறங்கி வரிசையில் நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார்.

“எந்தாடோ இவிடெ? ஆரு தந்தது அனுவாதம்?” என்று, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என மலையாளத்தில் அதட்டினார்.

“ஏட்டு, பாலத்துக்கு எடை பாக்கோம். தட்டிலே ஏறுங்கோ,” என்றார் நெல்லையப்ப பிள்ளை.

ஏட்டு யோசித்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். பிச்சையா சொன்ன எடையைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. “பெல்ட்டும் கூடியாணு,” என்று, பெல்ட்டும் சேர்ந்த எடையாக்கும் என்பதாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைக்க லத்தியை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் கோட்டைப் பக்கத்திலிருந்து ரோடு எஞ்சின் வந்தது. சல்லி பரப்பிய ரோட்டை உருட்டி அமுக்குகிற அந்த இரும்பு யானை, புகை கக்கிக்கொண்டு, தரை அதிர, மாடு மேய்ந்துகொண்டே போகிற வேகத்தில் வந்தது. கூட்டம் விலகியது. எஞ்சின் பாலத்தில் ஏறி, பாலம் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடக்க, மறுபக்கம் இறங்கியது.

பிச்சையா தராசை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே பாலத்தில் நடந்து போய்விட்டார். போய் அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பாலத்து முனைக்கு ஓடினோம்.

“இப்பத்தான் அதைத் தாங்கிச்சு,” என்று அக்கரையிலிருந்து கத்தினார். “அந்தச் சூடு ஆறுறதுக்குள்ளே நான் போயிட்டேன்.”

“ஆனா அந்த எஞ்சின் போனதுல பாலம் கொஞ்சம் ஆடிப் போயிருந்தா—” என்று நாகேஸ்வரன் ஆரம்பித்தார். முத்தாரம்மாள் அவர் வாயைப் பொத்தினாள். அக்கிரகாரத்து ஆளை அவள் தொட்டது அந்த ஒருமுறைதான்.

எஞ்சின் ஓட்டுகிறவர் பெயர் ஞானசிகாமணி. யாரோ ஒரு காண்டிராக்டருடைய வண்டி அது, நாகர்கோவிலில் ரோட்டு வேலைக்குப் போகிறது என்று தெரிந்தது. பிச்சையா அன்றே கிளம்பிவிட்டார். திரும்பி வந்து பையை எடுக்கப் பாலம் விடாதென்பதால் சத்தியதாஸ்தான் ஓடிப்போய்ப் பையும் புதிதாய் ஒரு வாழைக்குலையும் எடுத்து வந்தார். வழிகாட்டி இல்லாமல் பயிற்சி கிடையாது என்று அவரும் கூடப் போனார்.

கோட்டாற்றுக்குப் பஸ்ஸில் அரைநாள் வழி. எஞ்சினுக்கு நாள் கணக்கு. கரமனைப் பாலம், நெய்யாற்றுப் பாலம், குழித்துறைப் பாலம், நடுவில் கணக்கில்லாத ஓடைப் பாலங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எஞ்சின் போகும், சூடு ஆறுவதற்குள் பின்னால் பிச்சையா, அவருக்குப் பின்னால் வாழைக்குலையோடு சத்தியதாஸ். வழிநெடுக மழை. எஞ்சின் தண்ணீருக்காக நின்றால் இவர்கள் குளத்தில் மொண்டு ஊற்றினார்கள். ரோட்டோரத்து மரத்தடியில் படுத்தார்கள். பிச்சையாவுக்குக் காலில் கொப்புளம் வெடித்து, துணி சுற்றிக்கொண்டு நடந்தார். “வேணும்னா எஞ்சின்ல ஏறிக்கிடும்,” என்று ஞானசிகாமணி சொன்னதற்கு, “பாலம் தாங்கணும்னு நான் நடக்கேன், நான் ஏறினா எஞ்சினுக்க எடை கூடிப்போகும்,” என்றாராம்.

பஸ்கள் இவர்களைத் தாண்டிப் போய், திரும்பியும் தாண்டி வந்தன. கண்டக்டர்கள் கோட்டாற்றில் இறங்கிச் சின்னம்மை வீட்டில் செய்தி சொன்னார்கள். ஒம்ம மருமகன் பாலராமபுரம் தாண்டியாச்சு. ஒம்ம மருமகன் மார்த்தாண்டத்திலே தோசை தின்னுட்டிருந்தாரு. சின்னம்மைக்கு மானம் போயிற்று. ரோடு எஞ்சினுக்குப் பின்னால் நடந்து வருகிற மருமகன் எந்த வீட்டுக்காவது வந்ததுண்டா? புருசனுக்குப் பாலம் பயம் என்பது உலகம்மைக்கு அப்போதுதான் தெரியும்; அதுவரை நெல்லையப்ப பிள்ளை எங்கள் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். இரண்டாம் நாள் கண்டக்டரிடம் கேட்டாளாம்: “காலிலே செருப்பு உண்டா?”

வில்லுக்குறியில் எஞ்சின் நின்றுவிட்டது. பாய்லர் குழாய் வெடித்து ஆவி எல்லாம் போயிற்று. அதுவும் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியதால் இறங்கி நீந்தவும் வழியில்லை. மாற்றுக் குழாய் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார் ஞானசிகாமணி. இன்னும் கொஞ்ச மைல்தான் கோட்டாறு. பிச்சையா எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியதாஸ் கெஞ்சிப் பார்த்தார், பட்டாளத்துக் குரலில் அதட்டிப் பார்த்தார், கடைசியில் ஜெபம் பண்ணினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் விடிந்தால் பிள்ளைக்குப் பிறந்தநாள்.

பிறந்தநாளுக்கு முந்தின மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. உலகம்மை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பாலத்தின் அந்த முனையில் வந்து நின்றாள். பஸ்ஸில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்கள். பிச்சையா தன் பிள்ளையை முதல்முதலாகப் பார்த்தது அப்படித்தான், ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து.

“இஞ்ச பாருங்க,” என்று உலகம்மை கூப்பிட்டாள். “பிள்ளை மெலிஞ்சுட்டான்னு எங்கம்மை சொல்லுகா. கனத்துட்டான்னு எங்கப்பா சொல்லுகாரு. நீங்க சொல்லுங்க, எம்புட்டு இருப்பான்?”

பிச்சையா எழுந்து நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இங்கேருந்து எப்படிச் சொல்ல? கையிலே வாங்கணும்.”

“வந்து வாங்குங்க.”

“நீ கொண்டு வா.”

“வில்லுக்குறி வரைக்கும் நான் வந்தாச்சு. இதுக்கு மேலே வந்தா, நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்ததா ஆயிரும்.”

உலகம்மை பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“மேலவீட்டுக்காரி இருபது ராத்தல்ங்கா,” என்றாள்.

“யாரு?”

“மேலவீட்டுக்காரி. தெருவெல்லாம் இருபதுன்னு சொல்லிட்டு நடக்கா.”

“அவ தூக்கிப் பாத்தாளா?”

“தூக்காமலேதான் சொல்லுகா.”

தன் பிள்ளையின் பெயரில் ஒரு தப்பு எடை கோட்டாறு முழுக்கப் புழங்குவதை பிச்சையாவால் தாங்க முடியவில்லை. பையைக் கீழே வைத்தார். காலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினார்.

“அண்ணாச்சி,” என்றார் சத்தியதாஸ் மெதுவாக, “பாலத்தைப் பாக்காண்டாம்.”

பிச்சையா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பாலத்தில் முதல் எட்டு வைத்தார். அவர் வாய் தானாக, “லாபம்,” என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையை வண்டியிலிருந்து மண்டிக்குச் சுமந்து வருகிறவன்போல முழங்காலை மடக்கி மடக்கி வந்தார். நடுவில் ஒருமுறை நின்றார். முகமெல்லாம் வேர்வை. அந்தப் பிள்ளை இதையெல்லாம் பார்த்து வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு ஒரு தும்மல் போட்டான். பிச்சையா மறுபடி நடந்தார்.

அக்கரை வந்ததும் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, பஸ்ஸில் வந்தவர்களைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கினார். கண்ணை மூடினார். மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினார்.

“பதினெட்டே கால்,” என்றார்.

பிறகு கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். பாலம் முழுவதும் தனக்குப் பின்னால் கிடப்பதைக் கண்டதும் பிள்ளையோடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் சத்தியதாஸ் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். ஞானசிகாமணி ஊதல் கயிற்றைப் பிடித்து இழுத்தார், பாய்லரில் ஆவி இல்லாததால் அது ஊதவில்லை. வாழைக்குலை வழியிலேயே பழுத்துப் பாதி காலியாகியிருந்தது. மிச்சத்தை பஸ்காரர்களுக்குக் கொடுத்தார்கள்.

பிறந்தநாள் கோட்டாற்றில் நடந்தது. மறுநாள் புருசன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் பஸ்ஸேறினார்கள். ஒவ்வொரு பாலம் வரும்போதும் உலகம்மை பிச்சையா கையில் எதையாவது கொடுத்து, எம்புட்டு இருக்கும் என்று கேட்டாள். பிள்ளையைக் கொடுத்தாள், தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். குழித்துறை தாண்டியதும் பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டு தங்கள் சாக்கு, பலாப்பழம், ஒரு கிழவரின் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் நீட்டினார்கள். ஒரு எடையும் தப்பவில்லையாம். கரமனை தாண்டிக் கிள்ளிப்பாலம் வந்தபோது கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உலகம்மை தன் கையை எடுத்து அவர் கையில் வைத்தாளாம். அது எத்தனை ராத்தல் என்று இருவரும் இன்றுவரை சொன்னதில்லை.

அதன் பிறகு அவர்கள் கோட்டாற்றுக்குப் போகாத தீபாவளி கிடையாது. ஐம்பத்தாறில் கோட்டாறு சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, பாலம் தாண்டினது போதாதென்று இப்போது மாகாணமும் தாண்ட வேண்டியிருக்கு என்று பிச்சையா குறைப்பட்டார். ஆனாலும் போனார். சத்தியதாஸ் ஞாயிறுதோறும் சாலைக்காரர்களைப் பாறைக்கும் காயலுக்கும் கூட்டிப் போவதை வெகுகாலம் நடத்தினார். கயிற்றைச் சோதிக்கிற வேலை பிச்சையாவுக்கு. முதலில் புளியஞ்சாதப் பானையைத்தான் இறக்குவார்கள்.

உலகம்மை இறந்துபோய் மூன்று வருசமாகிறது. பிச்சையா இப்போது பாப்பனங்கோட்டில், கரமனையாற்றுக்கு அக்கரையில், மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். சாலைக்கு வர கரமனைப் பாலமும் கிள்ளிப்பாலமும் தாண்ட வேண்டும், தாண்டி வருகிறார்.